படகு தண்ணீரில், ட்ரெய்லர் வளவில்: மழைக்காலத்தை எப்படிக் கடத்துவது?

கேள்வி இதுதான். பதினாறு அடி ஃபைபர் படகு பொல்கொட ஏரியில் ஒரு நண்பரின் துறையில் மிதக்கிறது. அதை ஏற்றி இறக்கும் ட்ரெய்லர் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்க ஒழுங்கை ஒன்றில், வீட்டு வளவில் வெறுமையாக நிற்கிறது. மே தொடங்கி நவம்பர் வரை அதற்கு வேலை இல்லை. ரொறன்ரோவில் இருக்கும் அண்ணர், "விண்டருக்கு நாங்கள் செய்வதுபோலச் சில்லைக் கழற்றி, தூக்கி நிறுத்தி, படங்கால் இறுக்கி மூடிக் கட்டிவிடு" என்கிறாராம். கொழும்புக்கு அது சரிவருமா?

பாதி சரிவரும். மூடிக் கட்டுவதை மட்டும் செய்துவிடாதீர்கள். நான் ஒரு தடவை செய்து, நன்றாகவே அனுபவித்தேன். அந்தக் கதை பின்னால் வருகிறது.

அண்ணர் சொல்வதில் அவருடைய ஊருக்குக் காரணம் இருக்கிறது. அங்கே பயம் பனி. சில்லின் நடுவில் உள்ள குடத்துக்குள்ளோ இரும்புக் குழாய்க்குள்ளோ நின்ற தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் பருக்கும்; அந்த விசை எதையும் பிளக்கும். ஆனால் உறைந்த தண்ணீரில் கறள் அதிகம் ஓடாது, குளிரில் எல்லாமே தூங்கிவிடும். நமக்கு நேர் எதிர். இங்கே எதுவும் உறைவதில்லை, எதுவும் தூங்குவதுமில்லை. ஆறு மாதமும் வெக்கை, ஈரம், உப்பு மூன்றும் சேர்ந்து இரவு பகலாக வேலை செய்கின்றன.

இதில் பலர் தவறாக நினைப்பது மழையைப் பற்றித்தான். ட்ரெய்லரை அரிப்பது மழை என்று நினைத்து, மழையில் இருந்து அதைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள். உண்மையில் மழை நமக்கு இனாமாகக் கிடைத்த சேர்விஸ். கொழும்பில் ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீற்றர் பெய்கிறது. அவ்வளவும் நல்ல தண்ணீர். அரிப்பது உப்பு. வெள்ளவத்தையில் இருப்பவருக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, கடலோர மரைன் டிரைவைப் பார்த்த ஜன்னல் கிறில்களையும் ஏசியின் வெளிப்பெட்டிகளையும் பார்த்தாலே போதும். மேயில் இருந்து செப்டெம்பர் வரை காற்று நேரே கடலில் இருந்து அடிக்கிறது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் உடையும் அலையின் தூவல் இந்தப் பக்கம் வந்து எல்லாவற்றிலும் படிகிறது.

குசினியில் உப்புப் போத்தலைக் கவனித்திருப்பீர்கள். மூடி கொஞ்சம் தளர்ந்திருந்தால் மழை நாட்களில் உப்பு கசிந்து கட்டியாகிவிடும். காற்றில் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டும்போது உப்பு தானாகவே காற்றில் இருந்து தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கொழும்பில் காலை நேரத்து ஈரப்பதன் பெரும்பாலும் அதற்கு மேல்தான். ஆகவே ட்ரெய்லரின் இரும்பில் உப்புப் படிந்திருந்தால், ஒரு துளி மழை விழாவிட்டாலும் அது நனைந்தே இருக்கும். அதனால்தான் பழைய ட்ரெய்லர் ஒன்றைக் குனிந்து பார்த்தால் மேல் பக்கம் ஓரளவு சுத்தமாகவும், மழை படாத அடிப்பக்கம் கறள் பிடித்துச் செதில் செதிலாகவும் இருக்கும். மட்கார்டுக்கு உள்பக்கம், சட்டத்தின் அடி, வில் தகடுகள், அச்சின் மேல் வளைவு, இவைதான் முதலில் போகிற இடங்கள்.

சரி, அப்படியானால் முதல் வேலை கழுவுவது. மேலே நின்று ஹோஸ் பைப்பால் நனைப்பதைச் சொல்லவில்லை. கீழே உட்கார்ந்து, தண்ணீரைக் கீழிருந்து மேலாக அடிக்க வேண்டும். சட்டம் பெட்டிக் குழாயாக இருந்தால் அதன் முனையில் பைப்பைச் செருகி, மறுமுனையால் வரும் தண்ணீர் தெளியும் வரை விடுங்கள். முதலில் வருவது மண்ணும் பாசியும் சேர்ந்த கறுப்புத் தண்ணீராக இருக்கும். பொல்கொட ஏரிதானே, கடலில் இறக்கவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். அது பாணந்துறையில் கடலோடு கலக்கிற ஏரி, உப்பு ஏறி இறங்குகிற தண்ணீர்தான். மே மாதத் தொடக்கத்தில் ஒரு தடவை இப்படிக் கழுவிவிட்டு, பிறகு மாதம் ஒரு தடவை அடிப்பக்கத்தை மட்டும் கழுவினால் போதும். மேல் பக்கத்தை மழை பார்த்துக்கொள்ளும். ஓகஸ்ட்டில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். மழை குறையும், காற்று குறையாது.

இப்போது என் கதை. சில ஆண்டுகளுக்கு முன் நானும் ஒரு மே மாதத்தில் கனமான பொலித்தீன் படங்கு வாங்கி, ட்ரெய்லரை முழுதாகச் சுற்றி, நைலோன் கயிற்றால் பார்சல்போல் கட்டினேன். பார்க்க அவ்வளவு அழகு. ஒக்டோபரில் அவிழ்த்தபோது முதலில் வந்தது மணம், நனைந்த சாக்கு மணம். படகு உட்காரும் பலகைகளுக்கு மேல் ஒட்டியிருந்த கார்ப்பெட்டில் பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சணம். கல்வனைஸ் செய்த சட்டம் முழுக்க மாவு தூவினாற்போல் வெள்ளைப் பொடி. காற்றோட்டமில்லாத ஈரத்தில் கல்வனைஸின் நாகப் (சிங்க்) பூச்சு இப்படித்தான் வெள்ளையாகப் பூக்கும். திறந்த வெளியில் நனைந்து காய்ந்து, நனைந்து காய்ந்து நிற்கும் பூச்சின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு தோல் படியும். அதுதான் பூச்சைக் காப்பது. படங்குக்குள் அந்தத் தோல் உருவாகவே இல்லை.

அதைவிட மோசமானது, அவிழ்ப்பதற்கு முன்பே நடந்தது. படங்கின் மடிப்புகளில் மழைத் தண்ணீர் தேங்கி நின்றதை நான் கவனிக்கவில்லை. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கவனித்தார். டோர்ச் லைட்டை அடித்துக் காட்டினார். ஒரு கைப்பிடித் தண்ணீரில் நுளம்புக் குடம்பிகள் நெளிந்துகொண்டிருந்தன. முதல் தடவை என்பதால் எச்சரிக்கையோடு விட்டார். அடுத்த வீட்டு அம்மா ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவருடைய பேத்திக்கு முந்திய வருடம் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும்.

கொழும்பில் வெளியே எதை நிறுத்தி வைத்தாலும் இதை யோசித்தே ஆக வேண்டும். 2017இல் மட்டும் நாட்டில் 186,000க்கு மேற்பட்டவர்கள் டெங்கு என்று பதிவானார்கள். மேல் மாகாணம்தான் வழக்கமாக முன்னால். நுளம்பு பெருக இடம் கொடுப்பது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். நீதிமன்றம் வரை போகலாம். வெறும் ட்ரெய்லரில் தண்ணீர் நிற்கிற இடங்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகம்: கழற்றிப் படுக்க வைத்த சில்லின் டயர், குழிந்திருக்கும் ரோலர் தாங்கிகள், நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் உள்ள தட்டு, முனை அடைத்துப்போன குழாய். நம் வெக்கையில் முட்டையில் இருந்து நுளம்பு பறப்பதற்கு ஏழெட்டு நாள், பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை காலை என்று வைத்துக்கொண்டு, ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். தண்ணீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது. முட்டைகள் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு காய்ந்த நிலையில் மாதக் கணக்கில் உயிரோடு இருக்கும், அடுத்த மழைக்கு எழும்பும். பழைய பிரஷ் ஒன்றால் உரசிவிடுங்கள்.

தண்ணீர் நிற்காமல் இருக்க நல்ல வழி ட்ரெய்லரைச் சாய்த்து நிறுத்துவது. படகு இல்லாததால் இது சுலபம். முன்பக்க ஜக்கைச் சுற்றி மூக்கை உயர்த்தினால் உள்ளே போகிற தண்ணீரெல்லாம் பின்பக்கம் வடியும். அதற்கு முன் பின்பக்கத் துளைகள் திறந்திருக்கின்றனவா என்று கம்பியால் குத்திப் பாருங்கள். மண் குளவி கூடு கட்டி அடைத்து வைத்திருக்கும், எனக்கு ஒவ்வொரு வருடமும் அப்படித்தான். ஜக்கின் சிறு சில்லு மழை மண்ணில் புதைந்துபோகும். கீழே ஒரு சீமெந்துக் கல் வையுங்கள். பின் முனைக்குக் கீழேயும் இரண்டு பக்கமும் கல் அடுக்குவது அவசியம். வெறும் ட்ரெய்லரின் சமநிலை படகோடு இருப்பது போன்றதல்ல. மூக்கு உயர்ந்திருக்கும்போது ஒரு பிள்ளை பின்னால் ஏறி நின்றாலே ஊஞ்சல் பலகைபோல் மறுபக்கம் எழும்பும். வளவில் பிள்ளைகள் விளையாடும் வீடென்றால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்து பெயாரிங். ட்ரெய்லரில் பணம் போகிற இடமும், நடுவீதியில் மானம் போகிற இடமும் இதுதான். காலி வீதியில் ஓடிச் சூடேறிய சில்லுக் குடத்தை நேரே ஏரிக்குள் இறக்குகிறோம். உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, சீல் என்கிற இறப்பர் வளையத்தைத் தாண்டித் தண்ணீரை உள்ளே உறிஞ்சும். ஓடிக்கொண்டே இருக்கிற ட்ரெய்லரில் அந்தத் தண்ணீர் கிறீஸோடு கலந்து எப்படியோ காலம் தள்ளும். ஆறு மாதம் அசையாமல் நின்றால், ஒவ்வொரு உருளையும் தொட்டுக்கொண்டிருக்கும் அதே கோட்டில் கறள் அரித்துப் பள்ளம் விழும். அப்படிப் போன ஒரு வளையத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால் பற்களால் கடித்ததுபோல் சம இடைவெளியில் கோடுகள் தெரியும். அதற்கு மருந்து கிடையாது, மாற்ற வேண்டியதுதான்.

எனவே இந்த வேலையை நவம்பருக்கு வைக்காமல் மே மாதத்திலேயே செய்யுங்கள். ஒரு பக்கத்தை ஜக்கில் தூக்கி, சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள், பிறகு சுழற்றிக் காதைக் கொடுங்கள். மணல் அரைபடுகிற சத்தம் கேட்டால் விஷயம் முற்றிவிட்டது. சத்தம் இல்லாவிட்டாலும் குடத்தின் மூடியைத் தட்டிக் கழற்றிக் கிறீஸின் நிறத்தைப் பாருங்கள். போட்ட நிறத்திலேயே இருந்தால் தப்பினீர்கள். பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. எல்லாவற்றையும் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகக் காயவிட வேண்டும். பிறகு உள்ளங்கையில் கிறீஸை வைத்து, பெயாரிங்கின் அகன்ற பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கத்தால் புழுப்போலப் பிதுங்கி வரும் வரை அடைக்க வேண்டும். படகு ட்ரெய்லருக்கென்றே தண்ணீரில் கரையாத கிறீஸ் விற்கிறது, அதை வாங்குங்கள். பழைய கிறீஸின் மேலேயே வேறு வகையைப் போடாதீர்கள். சில வகைகள் ஒன்றோடொன்று சேர்ந்தால் இளகி ஓடிவிடும்.

பின்பக்க சீலை ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போட வேண்டும். ஒரு கராஜில் எனக்குப் புதுக் கிறீஸுக்குக் காசு வாங்கிவிட்டுப் பழைய சீலையே திரும்பப் போட்டுக் கொடுத்தார்கள். அடுத்த தடவை ஏரிக்குள் இறக்கியபோதே அந்தக் கிறீஸ் பால் தேத்தண்ணி ஆகிவிட்டது. அதிலிருந்து நானே செய்துகொள்கிறேன். வாகன உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது பழைய சீலையும் பெயாரிங்கும் கையோடு கொண்டு போங்கள். பெயாரிங்கின் ஓரத்தில் எண் வெட்டியிருக்கும். அமெரிக்க வகை ட்ரெய்லர்களில் எல் 44643, எல் 44649 போன்றவை வரும். பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள்தான், ஆனால் உள்விட்டம் ஒன்று ஓர் அங்குலம், மற்றது அதைவிட ஓர் அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்கு கூட. கடைக்காரர் "இதுதான் சரி" என்று சொன்னாலும் எண்ணைப் படித்துப் பார்த்தே வாங்குங்கள். பூட்டும்போது சில்லுக் குடத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் மட்டும் இறுக்கி, நட்டுக் கழலாமல் தடுக்கும் பின்னைப் போடுங்கள். அதிக இறுக்கம் ஆட்டத்தைவிடக் கெட்டது. பழைய பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடவே வேண்டாம்.

சில்லைக் கழற்ற வேண்டுமா என்றால், எனக்கு அது கட்டாயமாகத் தெரியவில்லை. படகின் பாரம் இல்லாததால் டயர் தட்டையாகும் என்ற பயம் இங்கே சிறியது. மூன்று நான்கு கிழமைக்கு ஒரு தடவை, சில்லு அரைச் சுற்றுச் சுழலும்படி ட்ரெய்லரை நகர்த்தினால், டயரும் வேறு இடத்தில் நிற்கும், பெயாரிங்கில் கிறீஸும் புரளும். டயரைக் கெடுப்பது வெயில்தான். மேற்கு வெயில் படுகிற பக்கத்தில் ஒரு பிளைவூட் துண்டைச் சாய்த்து வைத்தால் போதும். உறை மாட்டினால் அதிலும் தண்ணீர் நிற்கும், பழையபடி பரிசோதகர் வருவார். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கத்தில் திகதி இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஓட்டம் குறைவு, டயரின் வரிகள் தேயாமல் அப்படியே இருக்கின்றன என்று ஏமாறாதீர்கள். ஐந்தாறு வருடம் தாண்டிய ட்ரெய்லர் டயரை நான் நம்புவதில்லை. கழற்றத்தான் வேண்டும் என்று தோன்றினால், திருட்டுக்குப் பயந்து கழற்றுங்கள். பழைய இரும்புக்கு விலை ஏறிய காலத்தில் வெளியில் நிற்கும் எதுவும் பத்திரமில்லை. மூக்கை மதில் பக்கம் திருப்பி நிறுத்தி, அச்சைச் சுற்றி ஒரு கனமான சங்கிலியை வீட்டுத் தூணோடு பூட்டுங்கள். கழற்றிய சில்லை ஸ்டோர் ரூமுக்குள் வையுங்கள், வெளியில் படுக்க வைக்க வேண்டாம். பிரேக் உள்ள ட்ரெய்லர் என்றால் ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுப் போகாதீர்கள். ஆறு மாதத்தில் உள்ளே கட்டைகள் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சில்லுக்குக் கல் வைத்தால் போதும்.

சட்டத்தில் கறள் வந்த இடங்களைக் கம்பிப் பிரஷால் உரசி, நாகம் கலந்த பெயின்ட்டை இரண்டு தடவை அடியுங்கள். வெயில் நாள் பார்த்து, கழுவிக் காய்ந்த பிறகு. கல்வனைஸ் சட்டத்தில் கறளைக் கரைக்கக் கழிப்பறை கழுவும் அமிலத்தை ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கறள் போகும், அதற்கு முன் நாகம் போய்விடும். கராஜ் பாஸ்மார் எல்லோரும் பழைய என்ஜின் ஒயிலைப் பூசச் சொல்வார்கள். வில் தகடுகளுக்கு அது ஓரளவு உதவுவதும் உண்மை. ஆனால் ரப்பர் புஷ்களை ஊறவைத்துக் கெடுக்கும், மழையோடு வடிந்து கானுக்குள்ளும் அயல் வீட்டுக் கிணற்றுப் பக்கமும் போகும். அதற்குப் பதிலாகப் போல்ட், நட், வில் தகடுகளின் இடுக்குகளில் சாதாரணக் கிறீஸையே பிரஷால் தடவுங்கள். அசிங்கமாக இருக்கும், அவ்வளவுதான்.

படகு உட்காரும் பலகைகளைக் கழற்ற முடிந்தால் கழற்றி உள்ளே நிறுத்தி வையுங்கள். கார்ப்பெட் சுற்றிய மரம் காய நாட்கணக்காகும். அந்த ஈரம் அடியில் உள்ள போல்ட்டுகளைத் தின்னும். தரையோடு தொடர்பு கிடைத்தால் கறையானும் ஏறும். ரோலர் வகை என்றால் இந்தக் கவலை இல்லை. வின்ச் பட்டியையும் கழற்றி உள்ளே வையுங்கள், வெயிலில் நைந்துபோகும். லைட் வயரின் பிளக்கில் வஸலின் தடவி, வாய் கீழே பார்க்கத் தொங்கவிடுங்கள். நவம்பரில் லைட் எரியாவிட்டால் முதலில் பூமிக் கம்பி சட்டத்தோடு சேர்கிற இடத்தைப் பாருங்கள், அடுத்ததாக லைட்டுக்குள் எறும்பு குடியிருக்கிறதா என்று பாருங்கள்.

ட்ரெய்லரின் மூக்கில், வாகனத்தின் இழுவைப் பந்தில் கொளுவும் கிண்ணம் ஒன்றை மட்டும் நான் மூடுவேன். உள்ளே கிறீஸ் தடவி, ஒரு யோகட் கோப்பையின் அடியில் துளை போட்டுக் கீழிருந்து மாட்டி, இறப்பர் பட்டியால் கட்டிவிடுவேன்.

ஒக்டோபர், நவம்பரில் இங்கே மறுபடி கனமழை வரும் என்பதால் திகதி பார்த்து அவசரப்பட வேண்டாம். கடல் அடங்கி, வெயில் ஏறத் தொடங்கிய பிறகு ட்ரெய்லரை ஏரிக்குக் கொண்டு போகலாம். அன்றைக்கு டயரில் காற்றைச் சரிபார்த்து, சில்லு நட்டுகளை இறுக்கி, லைட்டைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். இரத்மலானையில் ஓரமாக நிறுத்தி இறங்கி, இரண்டு சில்லுக் குடங்களையும் தொட்டுப் பாருங்கள். ஐந்து கிலோமீற்றர் ஓட்டத்துக்கு இளஞ்சூடுதான் இருக்க வேண்டும். கை வைக்க முடியாமல் சுட்டால் மொறட்டுவை வரை இழுக்க வேண்டாம். அங்கேயே ஜக்கைப் போட்டு நட்டை ஒரு சொட்டுத் தளர்த்திப் பாருங்கள்.